ஆர்101: ஆட்சேபம் போன முகவரி

ஆகாயக் கப்பல், அதாவது லேசான வாயுவை நிரப்பி மிதக்கவிடும் வானூர்தி, விபத்துக்குள்ளானது என்றாலே எல்லோரும் ஹிண்டன்பர்க்கைத்தான் சொல்வார்கள். 1937-ல் அது எரிந்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள், அதனால் நினைவில் நின்றுவிட்டது. அதில் இறந்தவர்கள் 36 பேர். அதற்கு ஏழு வருடம் முன்பு பிரிட்டனின் ஆர்101 இருட்டில், மழையில், பிரான்சின் போவே நகருக்கு அருகே விழுந்தது. இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் நான் எடுத்துப் பேசுவது இதைத்தான்.

ஆர்101 புறப்பட்டது கராச்சிக்கு. இந்தியாவுக்கு ஆகாயக் கப்பல் விட வேண்டும் என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் கனவு. கராச்சியில் அதற்கென்று பிரம்மாண்டமான கொட்டகையே கட்டி வைத்திருந்தார்கள். விமானத்துறை அமைச்சர் லார்டு தாம்சனும் கப்பலில் ஏறினார். அக்டோபர் 20-க்குள் லண்டன் மாநாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கப்பலோ எடை அதிகம். தூக்கும் சக்தி போதாமல், உள்ளே இருந்த ஹைட்ரஜன் பைகளைப் பிடித்திருந்த கட்டுகளைத் தளர்த்தி, பைகள் இன்னும் உப்ப வழி செய்தார்கள். அதுவும் போதாது என்று நடுவில் வெட்டி 45 அடி நீட்டினார்கள். அந்தப் பைகளின் உள்பூச்சு மாட்டுக் குடல் சவ்வு. உப்பிய பை சட்டத்தில் உரசினால் என்ன ஆகும்? 1930 ஜூலை 3-ல் ஆய்வாளர் மெக்வேட் இதைத்தான் எழுதினார்: பைகள் உரசி ஓட்டையாகின்றன, சட்டத்தில் மெத்தைபோல் பட்டி சுற்றுவது தீர்வாகாது.

மெக்வேட்டின் மேலதிகாரி அந்தக் கடிதத்தை யாரிடம் அனுப்பினார் தெரியுமா? திட்டத்தின் இயக்குநர் கோல்மோரிடமே. அவர் பட்டி சுற்றினால் போதும் என்றார். விஷயம் முடிந்தது. கோல்மோர் அலட்சியக்காரர் இல்லை. அதே கப்பலில் ஏறி இறந்தும் போனார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே மூழ்கியிருப்பவருக்கு ஓட்டை தெரியாது.

அக்டோபர் 1-ல் கடைசிச் சோதனை. ஓர் எஞ்சினில் ஆயில் கூலர் பழுதானதால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் வந்தது. 4-ம் தேதி மாலை கிளம்பி, மறுநாள் அதிகாலை 2 மணிக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தது.

விசாரணை நடத்தியவர், நம் ஊரில் 'திரும்பிப் போ' என்று கறுப்புக்கொடி காட்டினார்களே, அதே சர் ஜான் சைமன். முன்பக்க மேலுறை கிழிந்து, பையில் இருந்து வாயு வெளியேறியிருக்கலாம் என்றது அறிக்கை. இல்லை, கப்பலை மேலும் கீழும் திருப்பும் சுக்கானின் கம்பி அறுந்தது என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. தீ எங்கே பிடித்தது என்பதிலும் சண்டை. வாதாடட்டும். எந்தக் காரணத்தை எடுத்தாலும், மோசமான வானிலையில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காத கப்பல் அது என்பது மாறாது.

ஆலைகளில் திறப்பு விழா தேதி குறித்தபின் பஞ்ச் லிஸ்ட், அதாவது முடிக்காத வேலைகளின் பட்டியல், சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாதி வரிகளுக்கு எதிரே 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதி, அந்த வேலையைச் செய்தவரே கையெழுத்தும் போட்டிருப்பார். உங்கள் ஃபைலில் அப்படி ஒரு வரி இருந்தால், ஆலையை ஓட்டத் தொடங்கும் முன் அந்த புராஜெக்டில் இல்லாத ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரும் பார்த்த தேதியும் அதே வரியில் இருக்கட்டும்.