கோ-ஆப் என்றால் கூட்டுறவா?

வேலூர்ப் பக்கம் ஒருவர் "கூட்டுறவுப் பயிற்சி முடிச்சிருக்கேன்" என்றால், அவர் சொல்வது கூட்டுறவு மேலாண்மைப் பட்டயத்தை. மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் கடன் சங்கங்களிலும் உதவியாளர் வேலைக்குக் கேட்கும் படிப்பு அது. அம்முண்டி சர்க்கரை ஆலை கூட்டுறவு, ஆவினுக்குப் பால் ஊற்றும் சங்கம் கூட்டுறவு. உறுப்பினர்கள் பங்குப் பணம் போட்டுத் தாங்களே உடைமையாளராக இருப்பதற்குத் தமிழில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் 'கோ-ஆப்' படிப்பை அகராதி பார்த்துக் 'கூட்டுறவுக் கல்வி' என்று எழுதினால், படிக்கிற மாணவர் போய் நிற்கும் வாசல் வேறாகிவிடும்.

கோ-ஆப் என்பது கோ-ஆபரேட்டிவ் எஜுகேஷன் என்பதன் சுருக்கம். லத்தீனில் 'கோ' என்றால் சேர்ந்து, 'ஓபஸ்' என்றால் வேலை. யார் யாரோடு சேர்ந்து என்பதைப் பார்க்க வேண்டும். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு இந்த முறையைத் தொடங்கினார். ஒரு மாணவர் பட்டறையில் நிற்கும் வாரம் அவருடைய இணை வகுப்பில் இருப்பார், அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பட்டறையில் அந்த இடம் காலியாகக் கிடக்காது, பாடமும் விட்டுப்போகாது. ஆக, கைகோத்தவை கல்லூரியும் ஆலையும். 1957இல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இதையே 4 மாதம் வகுப்பு, 4 மாதம் வேலை என்று நீட்டிக்கொண்டது.

இதற்குப் 'பணியிணைக் கல்வி' என்பது பொருந்தும். படிப்போடு பணி இணைந்திருக்கிறது என்பதைச் சொல் தானே காட்டிவிடுகிறது. அந்தப் படிப்பில் வேலையில் கழியும் காலமான ஒர்க் டெர்ம் என்பதற்கு இன்னும் எளிது. செமஸ்டரைப் பருவம் என்று தேர்வுத் தாளிலேயே அச்சிடுகிறோம், அதனால் 'பணிப்பருவம்'. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு பாலிடெக்னிக்கின் சாண்ட்விச் டிப்ளமோ. மூன்றரை ஆண்டில் 4ஆம் பருவமும் 7ஆம் பருவமும் ஆலையில் கழியும். அந்தப் பெயரைத் தமிழாக்க முயன்று சிரமப்பட வேண்டாம், சாண்ட்விச் என்றே எல்லாருக்கும் விளங்குகிறது.

இன்டர்ன் வேறு வழியில் வந்த சொல். பிரெஞ்சு 'அந்தெர்ன்', லத்தீன் 'இன்டெர்னுஸ்', உள்ளே இருப்பவர். மருத்துவமனைக்குள்ளேயே தங்கி வேலை பழகிய இளம் மருத்துவரைக் குறித்தது. நம் ஊரில் அவர் 'ஹவுஸ் சர்ஜன்', பேப்பரில் 'பயிற்சி மருத்துவர்'. இன்டர்ன்ஷிப்புக்கு 'உள்ளிருப்புப் பயிற்சி' என்ற மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையானதுதான், ஆனால் உள்ளிருப்பு என்றதும் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 'உள்ளகப் பயிற்சி' அந்தத் தொல்லை இல்லாமல் வழக்குக்கு வந்துவிட்டது. ஒன்றிரண்டு வாரம் ஆலைக்குள் பார்த்துவிட்டு வரும் 'இன்பிளான்ட்'டை இதோடு சேர்க்கக் கூடாது. அது தொழிலகப் பயிற்சி, அவ்வளவே.

அப்ரண்டிஸுக்குத்தான் தமிழ் அழகாக அமைந்திருக்கிறது. மூலம் 'பற்றிப்பிடித்தல்' என்ற லத்தீன் வினை. தமிழில் 'பழகுநர்'. இது ஆட்சிமொழிக் குழு அறையில் பிறந்ததாகத் தோன்றலாம். காட்பாடி லேத் பட்டறையில் கேளுங்கள், "பையன் தொழில் பழகுறான்" என்பார்கள். அந்த வினையில் 'நர்' ஒட்டியிருக்கிறது.

இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது வெறும் மொழி ஆசையால் இல்லை. சேர்க்கைக் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பொறுத்து விதி மாறுகிறது. பழகுநர் என்றால் 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம், பதிவுசெய்த ஒப்பந்தம். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. ஆனால் பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அவரிடம் ஓவர்டைம் வேலை வாங்கவும் முடியாது. படிப்பு முடித்தபின் ஓராண்டோ கூடுதலாகவோ வேலை பார்த்துவிட்ட பட்டதாரி, பிறகு பழகுநராகச் சேரத் தகுதி இழக்கிறார். ராணிப்பேட்டை பெல் (பிஹெச்இஎல்) ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர நினைப்பவர் "முதலில் ஒரு வருஷம் எங்கேயாவது வேலை பார்ப்போம்" என்று போய்விட்டு வந்து மாட்டிக்கொள்வது இதில்தான்.

உள்ளகப் பயிற்சிக்கு இந்த ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே கணக்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு. பொறியியல் மாணவருக்கு ஏஐசிடிஇ கணக்கில் 1 கிரெடிட் 40 முதல் 45 மணி நேரம், கலை அறிவியல் மாணவருக்கு யுஜிசி கணக்கில் 30 மணி. ஒரே ஷூ கம்பெனியில் அருகருகே நிற்கும் இரண்டு மாணவர்களுக்கு மணிக்கணக்கு வேறுபடும் என்பதால், கடிதத்தில் 'ஒரு மாதம்' என்று மட்டும் இருந்தால் போதாது. தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம், பிரிவு, மேற்பார்வையாளர் பதவி எல்லாம் வேண்டும். லாக் புக்கை அன்றன்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கடைசி நாளில் ஒரே பேனாவில் முப்பது நாளும் நிரப்பிய புத்தகம் வைவாவில் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பணியிணைக் கல்வியில் பிடி இன்னும் இறுக்கம். பணிப்பருவத்திலும் அவர் பல்கலைக்கழகத்தின் மாணவரே. ஒரு கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிட்டு, கூடுதல் சம்பளத்துக்காக இன்னொன்றுக்குத் தாவினால் பருவமே தோல்வி ஆகலாம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவருக்கு, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) ஏறுவதற்கு முன் ஒரு நாள் வேலைக்குப் போனாலும் விதிமீறல். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால், அந்தப் பட்டத்துக்குப் பின் கிடைக்க வேண்டிய ஓபிடி என்ற வேலை அனுமதி போய்விடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) போகிறவர்கள் எந்தப் பெயரில் போனாலும் ஒரு விதி பொது: கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, குனிந்து எட்டியும் பார்க்கக் கூடாது. முடி நீக்கும் சுண்ணாம்புக் கழிவில் சோடியம் சல்பைடு இருக்கும். தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தின் கழிவில் அமிலம் இருக்கும். இரண்டும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பவர்தான் விழுகிறார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார்.

கடைசியாக, பயிற்சிக் காலத்தில் தரும் பணமான ஸ்டைபண்ட். லத்தீனில் காசை நிறுத்துக் கொடுப்பது, ரோமானியச் சிப்பாயின் கூலி. தமிழில் 'உதவித்தொகை' என்றே எழுதிவருகிறோம். ஸ்காலர்ஷிப்புக்கும் அதே சொல் இருப்பதால் படிவங்களில் குழப்பம். பயணப்படி, பஞ்சப்படி போல 'பயிற்சிப்படி' என்றால் தீர்ந்தது. 2019 திருத்தத்தில் பழகுநருக்குக் குறைந்த அளவாக, பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமோவுக்கு 8,000 ரூபாயும் வைத்தார்கள். மத்திய அரசின் பழகுநர் திட்டமான நாட்ஸில் அந்தக் குறைந்த அளவில் பாதியை மத்திய அரசு தருகிறது. அரசுப் பங்கு வரவில்லை என்று கம்பெனியிடம் சண்டைக்குப் போகுமுன், ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பள்ளி நாளில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்த பாஸ்புக்கில் அது கிடக்கும்.