மனமயக்கி வேண்டாம், உளங்காட்டி என்போம்

போன வாரம் ஏற்காடு பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் செல்போனில் ஒரு காணொளியைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். மன அழுத்தத்துக்குக் காளானில் உள்ள 'மனமயக்கி' மருந்தை ஆராய்கிறார்கள் என்றது ஒரு குரல். பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்த பெரியவர் என்னைக் கேட்டார்: "ஆபரேசனுக்குப் போடுற மயக்க மருந்துங்களா தம்பி?"

அவர் மேல் தப்பே இல்லை. நினைப்பையும் உணர்வையும் மாற்றும் இந்த வகை மருந்துகளை ஆங்கிலத்தில் சைகடெலிக் என்பார்கள், அதற்கு மனமயக்கி என்று எழுதினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1956இல் உண்டாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் சைக்கீ என்றால் உள்ளம், டெலோஸ் என்றால் தெளிவாகத் தெரிவது. அதுவரை இந்த மருந்துகளைப் 'பைத்தியத்தைப் போலச் செய்பவை' என்ற பொருளில்தான் மருத்துவர்கள் அழைத்துவந்தார்கள், அந்தப் பழி ஒட்டாத ஒரு பெயர் வேண்டும் என்றுதான் அவர் தேடிப்பிடித்தார். உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதற்கு வைத்த பெயரை, மூடி மறைக்கிற மயக்கமாக நாம் மாற்றிவைத்திருக்கிறோம். சிலர் 'போதைக் காளான்' என்கிறார்கள், அது இன்னும் மோசம். 'மாயத்தோற்றமூட்டி' பரவாயில்லை, ஆனால் அது ஹாலுசினோஜென் என்ற வேறு சொல்லுக்குரியது, தோற்றத்தை மட்டும் சொல்கிறது.

என் சொல் உளங்காட்டி. நாள்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி எல்லாம் வாயில் புழங்குகிறதே, இதுவும் புழங்கும். ஸ்கேன் கருவி மாதிரி ஒலிக்கிறது என்றார் நண்பர் ஒருவர். சரி, 'உளங்காட்டி மருந்து' என்று எழுதினால் போச்சு.

அந்தக் காணொளியில் 'குடல்-மூளை அச்சு' என்றும் வந்தது, குடலும் மூளையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அச்சு என்றதும் வண்டி அச்சுதான் கண்முன் நிற்கிறது. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்கிற மொழிக்குக் 'குடல்-மூளைத் தொடர்பு' போதாதா? செரோடோனின் என்பது நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் வேதிப்பொருள். உடம்பிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது, ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேராகப் போக முடியாது. காளானிலுள்ள சைலோசைபின் குடலிலும் கல்லீரலிலும் சைலோசின் என்ற பொருளாக மாறி மூளைக்குப் போய், செரோடோனின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் ஒருவகையைப் பிடித்துக்கொள்கிறது. குடல் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டா என்பது இப்போது ஆராயப்படும் கேள்வி. இவ்வளவையும் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லலாம், மொழிபெயர்ப்பவர் முதலில் விஷயத்தைப் படித்திருந்தால்.

அப்புறம் இந்த 'மன அழுத்தம்'. டிப்ரஷனுக்கும் அதுவே, ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுவே. முன்னது மனச்சோர்வு, மாதக்கணக்கில் ஆளைப் படுக்கப்போடும் நோய். பரீட்சைக்கு முந்தின நாள் படபடப்பும் அதுவும் ஒரே பெயரில் இருந்தால், நோயாளி வீட்டில் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே, எழுந்து வேலையைப் பாரு" என்றுதான் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே இதைக் கேட்டிருக்கிறேன்.

உளங்காட்டி பிடிக்காவிட்டால் சைகடெலிக் என்றே எழுதுங்கள். பெரியவரிடம் நான் "இல்லீங்க, மனசுக்குள்ள இருக்கிறதைக் காட்டுற மருந்து, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றேன். கொண்டை ஊசி வளைவு ஒன்று திரும்பியதும், "அப்ப அப்படியே சொல்லலாமில்லீங்க" என்றார்.