எலும்புச் சீனா என்று ஒரு சீனா கிடையாது

இங்கிலாந்தின் பீங்கான் தொழிலைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் பாதி வழியில் 'எலும்பு சீனா' வந்து நிற்கிறது. "ஜோசையா ஸ்போட் எலும்பு சீனாவைக் கண்டுபிடித்தார்" என்று எழுதுகிறார்கள், ஏதோ ஒரு நாட்டைக் கண்டுபிடித்த கணக்காக. நடுவில் வரவேண்டிய 'ச்' கூட இல்லை. எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் பீங்கானுக்கு ஆங்கிலத்தில் வைத்த போன் சைனா என்ற பெயரை இரண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பவர்களின் வேலை இது.

சொல்லின் கதை சின்னதுதான். சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பாத்திரங்களை ஆங்கிலேயர்கள் 'சைனாவேர்' என்றார்கள். பிறகு வால் உதிர்ந்து 'சைனா' மட்டும் நின்றது. நாம் அதே பொருளைப் பீங்கான் என்கிறோம். அது பாரசீகத்துப் 'பிங்கான்', கிண்ணம் என்று பொருள். அரபியில் காப்பி குடிக்கும் 'ஃபிஞ்ஜான்' அதன் உடன்பிறப்பு.

ஆக, ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் வரும் சைனா நாடு அல்ல, பாத்திரம். நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே, சீனி! சீனாவின் பெயரால் வந்த சர்க்கரை. "காப்பிக்குச் சீனி போதுமா?" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது யாராவது சீன நாட்டை இழுப்பார்களா? அந்த மரியாதையை ஆங்கிலச் சொல்லுக்கும் கொடுக்கலாம்.

சரி, எலும்பு எங்கிருந்து வந்தது? 1784-ல் பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கியது. தேநீர் பெருகியது, கோப்பைகளுக்குத் தேவையும் பெருகியது. 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானைப் பெரிய அளவில் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. அப்புறம் 1796-ல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்ணைப் பீங்கானுக்குப் பயன்படுத்துவதைக் கட்டிப்போட்டிருந்த காப்புரிமை காலாவதியானது. சந்தை காலி, மண்ணும் கைக்கு வந்துவிட்டது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஸ்டோக் ஊரில் ஸ்போட் குடும்பம் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

தந்தை முதலாம் ஸ்போட் 1790களில் கலவையைச் சோதித்துக்கொண்டிருந்து 1797-ல் இறந்தார். அதைச் செம்மைப்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் மகன் இரண்டாம் ஸ்போட். மாட்டெலும்பை வேகவைத்துக் கொழுப்பும் பசையும் நீக்கி, வெள்ளையாகும்வரை சுட்டு, தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அந்தச் சாம்பல் இரண்டு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு, கார்ன்வாலின் பீங்கான் கல், அதாவது சூட்டில் உருகும் ஒரு பாறை, ஒரு பங்கு. இந்த விகிதம்தான் பிறகு ஆங்கிலப் பீங்கானுக்கே இலக்கணமானது. எலும்புச் சாம்பலை முதலில் கலந்தவர் இவர் அல்லர். லண்டன் பக்கத்துப் பௌ ஆலையில் தாமஸ் ஃபிரை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கலந்துவிட்டார். 'கண்டுபிடித்தார்' என்ற வினையும் எனக்கு உறுத்துவது இதனால்தான்.

இனி 'எலும்புப் பீங்கான்' கட்சிக்கு வருவோம். இவர்கள் சீனாவை விட்டுவிட்டார்கள், நன்றி. எலும்பை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். மண்குடம் என்றால் மண்ணால் ஆகிய குடம். அதே வழியில் எலும்புப் பீங்கான் என்றால் எலும்பால் ஆகிய பீங்கான். கேட்பவர் மனத்தில் தந்தச் சிமிழ் மாதிரி எலும்பைச் செதுக்கிய ஏதோ ஒன்று வரும். பாற்குடம் என்றால் பாலை உடைய குடம். அந்த வழியில் போனால் இன்னும் மோசம், பிரியாணி விருந்தில் மென்ற எலும்பைப் போட வைக்கும் தட்டாகிவிடும். "ஆங்கிலத்திலும் வெறும் எலும்பு என்றுதானே இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். ஆங்கிலேயனுக்கு அது இருநூறு ஆண்டுப் பழக்கம், அவன் எலும்பை நினைப்பதே இல்லை. நாம் புதிதாகப் பெயர் வைக்கிறோம். வைக்கும்போதே உள்ளதைச் சொல்லிவிடலாமே. உள்ளே போவது சாம்பல். சூளையில் அது களியோடும் கல்லோடும் கலந்து உருகி இறுகியபின் எலும்பு என்று பிரித்துச் சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் தனித்தமிழ் நண்பர்கள். பீங்கானே வேண்டாம், 'வெண்களிக்கலம்' என்போம் என்கிறார்கள். அவர்கள் பற்றை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரின் இன்னொரு ஆலைக்காரரான வெட்ஜ்வுட் 1760களில் விற்றுக் குவித்த பாலாடை நிறப் பாத்திரமும் சுட்டால் வெளுக்கும் களியில் செய்ததுதான். ஆனால் அது பீங்கான் அல்ல, ஒளி ஊடுருவாது. இரண்டும் வெண்களிக்கலம் என்றால் ஸ்போட் எதற்கு அவ்வளவு பாடுபட்டார்? அதோடு ஸ்போடின் சரக்கில் களி கால் பங்குதான். பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்டு வளர்ந்த வீட்டில் பீங்கான் அந்நியச் சொல் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

என் கட்சி இது: முதல் முறை 'எலும்புச்சாம்பல் பீங்கான்' என்று முழுதாக எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து 'பீங்கான்' போதும். கடைக்காரர் போன் சைனா என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். அது வியாபாரப் பெயர், அதில் பிழை இல்லை. சைவ வீட்டுக்காரர் ஒருவர் கோப்பை வாங்கும்முன் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் இந்த நீளப் பெயர் உதவும். 'எலும்பு சீனா' அவருக்கு எதையும் சொல்லாது.

ஸ்போடைக் 'குயவர்' என்று எழுதுவதும் இந்த வெட்டி ஒட்டும் பழக்கம்தான். 1806-ல் வேல்ஸ் இளவரசர் ஆலைக்கு வந்துபோனபின் மகனுக்குக் கிடைத்த பட்டத்தில் 'பாட்டர்' என்ற சொல் இருந்தது. உடனே 'இளவரசரின் குயவர்'! தந்தையைச் சொன்னால் தகும். ஆறு வயதில் அப்பாவை இழந்து, 1749-ல் தாமஸ் வீல்டனிடம் தொழில் பழகச் சேர்ந்த மனிதர். மகனோ லண்டன் கடையைப் பல ஆண்டு நடத்தி, வாங்குபவன் மனத்தைப் படித்தவர். தந்தை போனபின் கடையைக் கூட்டாளி வில்லியம் கோப்லண்டிடம் விட்டுவிட்டு ஸ்டோக்குக்குத் திரும்பி ஆலையைப் பெருக்கினார். அவர் பீங்கான் ஆலை முதலாளி. அவர் 1827-ல் இறந்தார். இரண்டே ஆண்டில் அவர் மகனும் போக, 1833-ல் தொழில் கோப்லண்டின் குடும்பத்துக்கே கைமாறியது. 'குயவர் குடும்பம்' என்று எழுதினால் இந்தக் கைமாற்றத்தைப் படிப்பவர் சாதிக் கதையாக எடுத்துக்கொள்வார்.

இதெல்லாம் போகட்டும், அண்மையில் கண்ணில் பட்டது 'பிஸ்கட் சூளை'. பூச்சு ஏற்றுமுன் வெறும் பாத்திரத்தைச் சுடுவதை ஆங்கிலத் தொழிலாளிகள் பிஸ்கட் என்பார்கள். தமிழில் அதை முதல் சூடு என்றால் வேலை முடிந்தது. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் ஸ்போட் பேக்கரியும் வைத்திருந்தார் என்று நினைத்திருப்பார்கள்.