ஒரே துளைக்குள் ஒரு ஜோடி

வாசகர் ஒருவரின் கேள்வி இது. மவுத் ஆர்கனில் எந்தத் துளையில் ஊதினால் எந்தச் சுரம், உறிஞ்சினால் எந்தச் சுரம் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையை வாசித்த சன்னி டெர்ரி வாசிக்கும்போது மட்டும் சுரம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறதே, பெட்டியில் இல்லாத அந்தச் சுரம் எங்கிருந்து வருகிறது?

டெர்ரியோடு முப்பது வருடத்துக்கு மேல் கிட்டார் வாசித்த பிரவுனி மெக்கீயையும் சேர்த்துக்கொண்டால் பதில் சுலபமாகப் புரியும். டெர்ரி 1911இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில் பிறந்தவர். மவுத் ஆர்கனை அப்பாவிடம் கற்றார். பதினாறு வயதுக்குள் இரண்டு விபத்துகளில் இரண்டு கண்களும் போயின. வட கரோலினாவின் டர்ஹமில் புகையிலை ஏலம் நடக்கும் கிடங்குகளின் வாசலில் கிட்டார்க்காரர் பிளைண்ட் பாய் ஃபுல்லரோடு வாசித்துப் பிழைத்தார். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடை ஏறினார். மெக்கீ 1915இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் பிறந்தவர். சிறு வயதில் வந்த போலியோ ஒரு காலைச் சூம்ப வைத்தது. அப்பா கிட்டார்க்காரர். ஃபுல்லர் 1941இல் இறந்தார். அடுத்த ஆண்டு இருவரும் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 1970களின் நடுவில்தான் ஜோடி பிரிந்தது.

இருவரும் வாசித்தது ப்ளூஸில் பீட்மான்ட் என்ற பாணி. கிட்டாரில் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் பாட்டை எடுக்கும். கிட்டார்க்காரருக்குக் கைக்கு வாகான கீ, அதாவது சட்ஜமாக வைத்துக்கொள்ளும் சுரம், 'ஈ'. மவுத் ஆர்கனோ ஒவ்வொரு கீக்கும் ஒரு பெட்டியாக வரும். அதற்கு மவுத் ஆர்கன்காரர் 'ஈ' பெட்டியை எடுக்க மாட்டார், 'ஏ' பெட்டியை எடுப்பார். நம் காதுக்கு இது புதிதல்ல. 'ஏ' பெட்டியில் இருப்பது சங்கராபரணத்தின் சுரங்கள். அதன் பஞ்சமமான 'ஈ'யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் ஹரிகாம்போதி. ப்ளூஸுக்கு வேண்டிய தாழ்ந்த நிஷாதமான கைசிகி நிஷாதம் தானாகவே வந்துவிடுகிறது. முக்கியமான சுரங்கள் உறிஞ்சும் பக்கம் விழுவது அதைவிடப் பெரிய வசதி. ஏனென்றால் முதல் ஆறு துளைகளில் வளைவது உறிஞ்சும் சுரம்தான்.

வளைத்து எங்கே போக வேண்டும்? ப்ளூஸின் உயிர் இருப்பது தாழ்ந்த காந்தாரமான சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த காந்தாரமான அந்தர காந்தாரத்துக்கும் நடுவில். மெக்கீயின் கிட்டாரில் முதல் கம்பி, மூன்றாம் கட்டம்: சாதாரண காந்தாரம், 392 ஹெர்ட்ஸ். கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடும், சுரம் ஏறும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், கால் சுரம் ஏற இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் போதும். கம்பியால் மேலே மட்டும்தான் போக முடியும். டெர்ரியின் 'ஏ' பெட்டியில் மூன்றாம் துளையை உறிஞ்சினால் அந்தர காந்தாரம், 415 ஹெர்ட்ஸ். அது கீழே மட்டும்தான் வளையும். ஒருவர் கீழிருந்து ஏற, மற்றவர் மேலிருந்து இறங்க, இருவரும் 403 ஹெர்ட்ஸ் அருகே சந்திக்கிறார்கள். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது.

கிட்டார் கதை அவ்வளவுதான். மவுத் ஆர்கன் கதைதான் விசேஷம்.

பெட்டியைக் கழற்றினால் நடுவில் துளைக்கு ஓர் அறையாகப் பிரிக்கும், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சீப்பு, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு பித்தளைத் தகடு. தகட்டுக்குப் பத்து ரீடு, மொத்தம் இருபது. ஒவ்வொரு ரீடும் ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்த மெல்லிய பித்தளைப் பட்டை. அதற்கு நேர் கீழே அதே அளவில் ஒரு நீள்துளை. மேல் தகட்டின் ரீடுகள் அறைக்கு உள்பக்கமும், கீழ்த் தகட்டின் ரீடுகள் வெளிப்பக்கமும் இருக்கும். ஊதினால் மேல் ரீடு பேசும், உறிஞ்சினால் கீழ் ரீடு பேசும். பள்ளிப் பாடத்தில் இதோடு முடித்துவிடுவார்கள்.

ஆனால் உறிஞ்சும்போது மேல் ரீடு சும்மா இருப்பதில்லை. வெளிக்காற்று இரண்டு நீள்துளைகள் வழியாகவும் உள்ளே வரப் பார்க்கிறது. கீழ் ரீடு வெளியே இருப்பதால் காற்று அதைத் துளைக்குள் அமுக்குகிறது, காற்றில் சாத்திக்கொள்ளும் கதவு மாதிரி. மேல் ரீடு உள்ளே இருப்பதால் அதே காற்று அதைத் துளையை விட்டு விலக்குகிறது. இது திறந்துகொள்ளும் கதவு. சாத்தும் ரீடு தன் இயல்பான அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே பாடும். திறக்கும் ரீடு தன் இயல்புக்கு மேலே பாடும். சாதாரணமாக உறிஞ்சினால் சாத்தும் ரீடின் குரல்தான் கேட்கும், மற்றது லேசாக நடுங்குவதோடு சரி.

இப்போது வாய்க்குள் நாக்கைப் பின்னால் இழுத்து உள்ளறையைப் பெரிதாக்குங்கள். வாயறையின் ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. கீழ் ரீடு அதைத் துரத்திக்கொண்டு இறங்கும், ஒரு கட்டத்தில் களைத்துவிடும். அந்த இடத்தில் மேல் ரீடு விழித்துக்கொள்ளும். மூன்றாம் துளையின் மேல் ரீடு 330 ஹெர்ட்ஸ். திறக்கும் விதத்தில் அது அரைச் சுரம் ஏறி, சுமார் 349இல் பாடும். 415இலிருந்து 349 வரை நாம் கேட்கும் வழுக்கல், ஒரு ரீடு இறங்க இன்னொன்று ஏறி, வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் சத்தம். கிட்டாருக்கும் மவுத் ஆர்கனுக்கும் நடுவே மேடையில் நடந்ததேதான் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத இந்த அறைக்குள்ளும் நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் திருகாணி போட்ட பெட்டியாகப் பார்த்து மேல் மூடியைக் கழற்றி, மேல் தகட்டில் நான்காம் நீள்துளையின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டு நான்காம் துளையை உறிஞ்சி வளைத்துப் பாருங்கள். சுரம் லேசாக அசையும், வழக்கமான அரைச் சுரம் ஒழுங்காக இறங்காது. டேப்பை எடுத்தால் இறங்கும்.

இதை ஆய்வகத்தில் அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் பிட்ஸ்பர்க்கின் இதய அறுவை மருத்துவர் ஹென்றி பான்சன். ரீடுகளைத் தனித்தனியாகத் தடுத்துப் பார்த்து, சகாக்களோடு 1998இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். மவுத் ஆர்கன் ஆய்வுக்குப் பணம் கொடுங்கள் என்று நம்மூர்க் குழு எதன் முன்னாலாவது போய் நின்றால் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் காற்றோட்டத்தில் மடல் திறப்பதும் மூடுவதும்தானே குரல்வளையிலும் நடக்கிறது?

நம் ஹார்மோனியத்திலும் இதே ஜாதி ரீடுதான். கமகம் வராது என்ற புகாரில் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை ஒதுக்கியே வைத்திருந்தது. குற்றம் ரீடுடையது அல்ல. ஹார்மோனியத்தில் ஒரு ரீடோடு பேரம் பேச எதிர்ரீடு கிடையாது, துருத்திக்கு நாக்கும் கிடையாது.

கற்றுக்கொள்பவர்கள் சறுக்கும் இடங்கள் சில. உதட்டைக் குவித்தால் வளையும் என்று சொல்வார்கள். வேலை நாக்கின் பின்பகுதியில். உறிஞ்சிக்கொண்டே 'ஈ' என்று உச்சரிக்கும் நிலையிலிருந்து 'ஊ' என்று உச்சரிக்கும் நிலைக்கு நாக்கை நகர்த்துங்கள், நான்காம் துளையில் ஆரம்பியுங்கள். ஒன்றுமே நடக்கவில்லையா, மூக்கைப் பொத்திக்கொண்டு முயலுங்கள். பொத்தியதும் வளைந்தால் இதுவரை பாதிக் காற்று மூக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. இரண்டாம் துளை ஆரம்பத்தில் இருமும், அடைக்கும். பெட்டியே பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பழுது வாயில்தான், அந்தச் சுரத்துக்கு இன்னும் பெரிய உள்ளறை வேண்டும்.

தண்ணீரிலோ விஸ்கியிலோ ஊறப்போட்டால் நன்றாக வளையும் என்பதும் ஒரு நம்பிக்கை. மரச் சீப்பு ஊறிப் பெருக்கும்போது இடுக்குகள் அடைபட்டுக் காற்றுக் கசிவு குறையும், அது உண்மை. காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும், அதுவும் உண்மை. விஸ்கிக்குத் தனி மகிமை எதுவும் இல்லை.

பலத்தால் வளைக்கப் பார்த்தால் ரீடு களைத்து, சுரம் நிரந்தரமாக இறங்கிப்போகும். ஆணிக்கு அருகே விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெறும் இறக்கமானால் ரீடின் நுனியை மெல்லச் சுரண்டினால் ஏறும். ஆணிப் பக்கம் சுரண்டினால் இன்னும் இறங்கும். ஹார்மோனியம் பழுது பார்ப்பவர்கள் செய்வதும் இதுவே.

ஐந்தாம் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே இரண்டு ரீடுக்கும் இடையே இருப்பதே அரைச் சுரம்தான், இறங்குவதற்கு இடம் கிடையாது. தெரியாமல் அதை இழுத்து இழுத்தே பல பெட்டிகளில் முதலில் உடைவது அந்த ரீடு.