விலைக்கு முன்னால் உட்கார்ந்த ஈ

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரி ஒருவருக்கு விலைப்பட்டியல் அடித்துக் கொடுத்தேன். என் திரையில் ₹ அழகாக நின்றது. அவர் கணினியில் திறந்தால் ஒவ்வொரு விலைக்கு முன்னாலும் ` என்று ஒரு கீறல். "என்னங்க இது, ஈ உட்கார்ந்த மாதிரி?" என்றார்.

தப்பு என் பழைய ஃபாண்டில். கணினி எழுத்தைப் படமாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பது ஃபாண்ட். உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றபோது அதற்கென்று எண்ணே கிடையாது. அவசரத்துக்குச் சிலர், டேப் கீக்கு மேலே இருக்கும் ` எழுத்துக்கு ₹ வேஷம் கட்டி ஃபாண்ட் செய்தார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த தமிழ், வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறுமே, அதே கதைதான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் கொடுக்கும் முறை யூனிகோடு. அதே ஆண்டு அக்டோபரில் அதன் 6.0 பதிப்பு வந்தது. ₹ குறிக்குச் சொந்த எண் கிடைத்தது: 8377. (நம் பழைய தமிழ்க் கணக்கேடுகளில் ரூபாயைக் குறித்த ௹ 2003-லேயே 3065 என்ற எண்ணை வாங்கிவிட்டது. யார் கண்டுகொண்டார்கள்!) விண்டோஸில் இந்திய ஆங்கில விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்தினால் அசல் ₹ விழும்.

சரி, எண் சரியாக இருந்தும் சில இடங்களில் வெறும் கட்டம் தெரிகிறதே? அந்த ஃபாண்டில் 8377-க்கு உருவம் வரையவில்லை என்று அர்த்தம். பல மென்பொருள்கள் கட்டம் காட்டாமல் பக்கத்து ஃபாண்டில் கடன் வாங்கிவிடும். ஏற்காட்டுக் காபித்தூள் லேபிள் ஒன்றில் பார்த்தேன்: 180 தடித்து நிற்க, ₹ மட்டும் பட்டினி கிடந்தவன் மாதிரி மெலிந்திருந்தது. ₹ வரைந்திருக்கும் ஒரே ஃபாண்டை இரண்டுக்கும் போட்டால் தீர்ந்தது.

'ரூ.' என்று எழுதுகிறவர்களுக்கு வேறு தொல்லை. 'ரூ.' வரிக் கடைசியில் நின்றுவிடும், 500 அடுத்த வரிக்கு ஓடிவிடும். வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளி விட்டால் இரண்டும் பிரியாது.

வியாபாரியின் பட்டியலில் ஒவ்வொரு ` குறியையும் ₹ ஆக மாற்றி, ஃபாண்டையும் மாற்றிக் கொடுத்தேன். கடைசி வரியில் விரல் வைத்தார். மொத்தம் ₹125,000. "லட்சம் எங்கே போச்சு?" எண்ணில் காற்புள்ளி எங்கே விழவேண்டும் என்று நாட்டுக்கு நாடு தீர்மானிக்கும் விண்டோஸின் வட்டார அமைப்பு (Region) செய்த வேலை அது. அதை இந்தியாவுக்கு மாற்றியதும் எக்செல் 1,25,000 என்று காட்டியது.