கட்டற்ற மென்பொருள்: ‘இலவசம்’ ஏன் பொருந்தாது?

ஒரு மென்பொருளைப் பெற்றவர் அதை எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத் தன் தேவைக்கேற்ப மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். தான் மாற்றிய வடிவத்தையும் வெளியிடலாம். இந்த நான்கு உரிமைகளையும் வழங்கும் உரிமத்தோடு வருவதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’. நான்கு உரிமைகளுக்கும் 0 முதல் 3 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். பூச்சியத்திலிருந்து எண்ணுவது நிரலர்களின் வழக்கம்.

நான் தொழில்முறை நிரலர் அல்லன். மாலை வேளைகளில் சிறு நிரல்கள் எழுதிப் பார்ப்பது, பழைய தமிழ் நூல்களைப் படிப்பது, அரசாணைகளையும் ஒப்பந்த அறிவிப்புகளையும் வரி விடாமல் வாசிப்பது ஆகிய மூன்றும் என் பொழுதுபோக்குகள். மூன்றாவதை வீட்டில் யாரும் பொழுதுபோக்காக ஏற்பதில்லை. இவற்றில் முதலாவதிலும் மூன்றாவதிலும் என் முன் வந்து நிற்கும் சொல் இது. இரண்டிலும் பெரும்பாலும் ‘இலவச மென்பொருள்’ என்று தவறாகவே வருகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘ஃப்ரீ’ என்பது பழைய ஜெர்மானியச் சொல். அன்பு கொள்ளுதல் என்ற பொருளுடைய ஒரு வேரிலிருந்து வந்தது. நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ அதன் உறவு. அடிமைகளைத் தவிர்த்து, குடும்பத்துக்கு வேண்டியவர்கள், அதாவது தன்னுரிமை உடையவர்கள் என்று பொருள் விரிந்தது. அதே வேரின் வடமொழிக் கிளைதான் ‘பிரிய’. நாம் ‘பிரியம்’ என்று சொல்லும்போது ‘ஃப்ரீ’யின் தூரத்து உறவினரைத்தான் அழைக்கிறோம். ‘காசில்லாமல்’ என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வந்த பிறகு, இருந்ததை ஓரங்கட்டிவிட்டது.

இந்தக் குழப்பத்தில் முதலில் சிக்கியவர் இயக்கத்தைத் தொடங்கியவரே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983 செப்டம்பரில் ‘குனு’ என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். அதை எழுதி, பயன்படுத்தக்கூடிய எல்லோருக்கும் ‘ஃப்ரீ’யாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். காசு வாங்காமல் கொடுப்பார் என்றே பலரும் படித்தார்கள். திட்டத்தின் கொள்கை அறிக்கை 1985-ல் வெளிவந்தது. பின்னர் அதற்கு அடிக்குறிப்பு எழுதியபோது, அந்த இடத்தில் தன் சொல்லாட்சி கவனக்குறைவானது என்று அவரே குறிப்பிட்டார். பயன்படுத்தும் அனுமதிக்கு யாரும் பணம் தரவேண்டியதில்லை என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. படியை விலைக்கு விற்பதில் அவருக்குத் தடையேதும் இல்லை. ‘ஈமேக்ஸ்’ என்ற தன் உரைத்தொகுப்பியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்று அவர் பிழைப்பு நடத்தியதும் அந்தக் காலத்தில்தான்.

இதன் மறுபக்கத்துக்கும் சான்று இருக்கிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்து, அதன் மையப் பகுதியான லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதன் முதல் உரிமம், அதைப் பரப்புவதற்கு யாரும் பணம் வாங்கக் கூடாது என்று தடை விதித்தது. ஆகவே தொடக்கத்தில் லினக்ஸ் இலவசமாக இருந்தது, கட்டற்றதாக இல்லை. 1992-ல் ‘குனு பொது உரிமம்’ என்ற ஜிபிஎல்லுக்கு மாறியபோது பணம் பற்றிய தடை நீங்கியது. விற்கலாம் என்றானது, அதனாலேயே கட்டற்றதானது. இலவசமும் கட்டின்மையும் வேறுவேறு என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

பொழுதுபோக்கு நிரலர்களுக்கு இந்த வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ் அவர்களை விளித்தே ஒரு திறந்த மடல் எழுதினார். தன் நிறுவனம் ‘பேசிக்’ என்ற நிரல்மொழிக்கு எழுதிய மொழிபெயர்ப்பியை அவர்களில் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் படியெடுத்துக்கொள்கிறார்கள், இது திருட்டு என்பது அதன் சாரம். அதுவரை கணினி மன்றங்களில் நிரலைப் பகிர்வது இயல்பான பழக்கம். அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. கட்டு வந்த பிறகுதான் கட்டற்றது என்ற அடைமொழிக்கு வேலை வந்தது.

பிரெஞ்சு மொழிக்கு இந்தத் தொல்லை இல்லை. உரிமையைச் சொல்ல ‘லீப்ர்’, காசின்மையைச் சொல்ல ‘கிராட்டுயி’ என இரண்டு தனிச்சொற்கள் அங்கே உண்டு. தமிழிலும் அப்படித்தான். இலவசம் என்ற சொல்லில் உரிமையின் வாடைகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டு அரசியல் அதன் மேல் கனமான பூச்சு ஒன்றைப் பூசியிருக்கிறது: இலவச வேட்டி சேலை, இலவச மின்சாரம், இலவசத் தொலைக்காட்சி. அந்தச் சொல்லில் இளக்காரம் ஏறிவிட்டதால்தான் 2011-க்குப் பிறகு அரசே அதைக் கைவிட்டு ‘விலையில்லா மடிக்கணினி’, ‘விலையில்லா அரிசி’ என்று எழுதத் தொடங்கியது. விலை போடவில்லை என்றும் விலைமதிப்பற்றது என்றும் இரண்டு பக்கமும் படிக்கக்கூடிய சொல், சூட்டியவர் சாமர்த்தியசாலி. ஆனால் இலவசமும் விலையில்லாததும் பணத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ஆங்கிலத்தின் ஈரடித்தன்மை நம் மொழியில் இல்லாதபோதும், அகராதியில் ‘ஃப்ரீ’க்கு நேரே முதலில் கண்ட சொல்லை எடுத்துவைத்து, நமக்கு இல்லாத நோயை நாமே வரவழைத்துக்கொண்டோம்.

சரி, எந்தச் சொல் பொருந்தும்? ‘சுதந்திர மென்பொருள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மலையாளத்தில் ‘ஸ்வதந்திர சாஃப்ட்வேர்’ நன்றாகவே வேரூன்றிவிட்டது. கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதும் அந்தப் பெயரில்தான் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. தமிழிலும் இதில் பிழையில்லை. ஒரு சுவையான பழைய பொருளும் இதற்கு உண்டு: அறுவடையின்போது கொல்லர், தச்சர், வண்ணார் போன்ற ஊர்த் தொழிலாளர்களுக்குக் களத்தில் அளந்து கொடுத்த பங்குக்கும் சுதந்திரம் என்றே பெயர். பொதுக் களத்தில் விளைந்ததில் உழைத்தவருக்கு உரிய பங்கு என்ற அந்தப் பொருள் மென்பொருளுக்குக்கூட ஒத்துவரும். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஆகஸ்ட் 15-ம் கொடியேற்றமும்தான் நினைவுக்கு வருகின்றன.

‘கட்டற்ற’ என்பதைப் பிரித்தால் கட்டு + அற்ற. கட்டு என்றால் பிணிப்பு, தளை. சைவ மரபில் உயிரைப் பிணிக்கும் பாசத்துக்கும் அதுவே பெயர். திருவாசகத்தின் திருச்சதகத்தில் ‘கட்டறுத்து எனை ஆண்டு’ என்று மாணிக்கவாசகர் பாடுவது அந்தக் கட்டைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தளையிலிருந்து விடுபடுதலைச் சொல்லிவந்த தொடர், ‘மீண்டும் பகிரக் கூடாது, பிரித்துப் பார்க்கக் கூடாது’ என்று சொல்லும் உரிமங்களிலிருந்து விடுபட்ட மென்பொருளுக்கு அடைமொழியாக வந்திருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று அழைத்துக்கொண்டது. அதன் முகப்பிலிருந்து இச்சொல் பலருக்கும் பழகியது.

இதற்கு இரண்டு எதிர்ப்புகளைக் கேட்டிருக்கிறேன். ‘அற்ற’ என்று முடியும் சொற்கள் இழிவானவை, அறிவற்ற, பண்பற்ற என்பவற்றைப்போல ஒலிக்கிறது என்பது ஒன்று. மாசற்ற, குறையற்ற, பற்றற்ற என்பவையும் அப்படித்தான் முடிகின்றன. எது அற்றுப்போனது என்பதைப் பொறுத்தது அது. மற்றது சற்றே வலுவானது. ‘வரி கட்டினேன்’, ‘பணம் கட்டினேன்’ என்கிறோமே, கட்டற்றது என்றால் காசு கட்ட வேண்டாதது என்று யாராவது கொள்ள மாட்டார்களா? கொள்ளலாம். ஆனால் பெயர்ச்சொல்லாக வரும் ‘கட்டு’ பணத்தைக் குறிப்பதில்லை. அதற்குக் கட்டணம் என்ற சொல் தனியே இருக்கிறது. இதையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். காசு வாங்காமல் கொடுத்துவிட்டு மூலநிரலை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, பூட்டி வைத்துக்கொள்ளும் மென்பொருள் கட்டணமற்றது. நான்கு உரிமைகளையும் தருவது கட்டற்றது. ஆங்கிலம் ஒரு பத்தி எழுதி விளக்குவதை நாம் இரண்டு எழுத்தைச் சேர்த்தும் நீக்கியும் முடித்துவிடுகிறோம்.

அடுத்து ‘திறமூலம்’. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிய சிலர், ‘ஃப்ரீ’ என்ற சொல் வணிகர்களை மிரட்டுகிறது, வேறு பெயர் வேண்டும் என்று பேசினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த ‘ஓப்பன் சோர்ஸ்’ அங்கே ஏற்கப்பட்டது. எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்சும் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அதே மென்பொருள்கள், அதே உரிமங்கள். ஒரு பெயர் பயனரின் உரிமையைப் பேசுகிறது, மற்றது உருவாக்கும் முறையின் பயனைப் பேசுகிறது. ஸ்டால்மன் இன்றுவரை புதிய பெயரை ஏற்கவில்லை.

தமிழில் திறமூலம் என்பது காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகை, குடிநீர் போன்றது. இலக்கணம் இடிக்கவில்லை. இடிப்பது ‘மூலம்’. பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று விளம்பரம் படித்து வளர்ந்தவர்களிடம் திறமூலம் பற்றிப் பேசிப் பாருங்கள், முகத்தில் சிரிப்பு தெரியும். ஆனாலும் இந்தச் சொல்லை நான் விடமாட்டேன், காரணம் நம் புத்தக அட்டைகள். ‘மூலமும் உரையும்’ என்று அச்சிட்ட எத்தனை நூல்கள் நம் வீடுகளில் இருக்கின்றன! மூலம் என்பது ஆசிரியன் எழுதிய பாடல், உரை என்பது பின்வந்தவர் அதற்குத் தந்த விளக்கம். நிரல் எழுதுபவருக்கு இந்தப் பிரிவு உடனே விளங்கும். கணினி இயக்குவது மூலத்தை. அருகே எழுதிவைக்கும் விளக்கக் குறிப்பு அடுத்த மனிதருக்கான உரை. ஏடுகளைப் பார்த்தெழுதியவர்களும் உரையாசிரியர்களும் மூலத்தைக் கையில் வைத்திருந்ததால்தான் பாடபேதம் காட்டவும் திருத்தவும் மறுத்து எழுதவும் முடிந்தது.

என் சிறு வேலையிலேயே இதைப் பார்க்கிறேன். டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சான தமிழ் உரைகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் நிரல்களோடு விளையாடுவது என் வழக்கம். பழைய முறைகளில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் வரவேண்டும். ‘கொ’ என்றால் முன்னே இருக்கும் கொம்பையும் பின்னே இருக்கும் காலையும் ஒன்றாக்கிப் பின்னால் வைக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் எழுதி வெளியிட்டிருந்த மாற்றியின் மூலத்தைத் திறந்து படித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அதே வேலையைச் செய்யும் இன்னொரு செயலி காசில்லாமல் கிடைத்தது, மூலம் கிடையாது. அது சில எழுத்துகளைத் தப்பாக மாற்றும். எங்கே தப்பு நடக்கிறது என்று ஊகிக்க முடிந்தாலும் திருத்த வழியில்லை. அது கட்டணமற்றது.

வாசகர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாக இருக்காது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே அரசு குடும்பத்தாருக்கு ஒரு தொகை தந்து படைப்புகளை நாட்டுடைமை ஆக்குகிறது. பாரதியின் எழுத்துகளுக்கு 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமை பெற்றது அதன் தொடக்கம். நாட்டுடைமை என்ற பெயரைப் பார்த்தால் அரசுக்குச் சொந்தமானது என்று தோன்றும். நடைமுறையில் யாரும் அச்சிடலாம், விற்கலாம், மின்னூலாக்கலாம். பாரதி கவிதைகள் இன்றும் கடையில் விலைக்குத்தான் கிடைக்கின்றன, ஆனால் அவை கட்டற்றவை. நாட்டுடைமை நூல்களின் மின்படிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கியதால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இணைய நூலகமான விக்கிமூலத்துக்கு வந்தன. அங்கேயும் ‘மூலம்’தான்.

‘கட்டற்ற’ என்ற சொல் தடுமாறும் இடமும் ஒன்று இருக்கிறது. ஜிபிஎல் போன்ற உரிமங்கள், நீங்கள் மாற்றி வெளியிடும் வடிவமும் அதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. ஆங்கிலத்தில் இதற்குக் ‘காப்பிலெஃப்ட்’ என்று பெயர். தமிழில் ‘அளிப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். இது கட்டுதானே என்று கேட்டால், ஆம். ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று தொடங்கும் குறள், மற்றப் பற்றுகளை விடுவதற்காக ஒரு பற்றைப் பற்றச் சொல்கிறது. ஜிபிஎல் எழுதியவர்களின் வாதமும் ஏறக்குறைய அதுவே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த பிஎஸ்டி உரிமங்கள் அந்த ஒரு கட்டையும் வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. அந்த நிரலை எடுத்துப் பூட்டி விற்கவும் எவருக்கும் வழியுண்டு. இரண்டையும் கட்டற்றவை என்றே வகைப்படுத்துகிறார்கள். சொல்லின் நேர்ப்பொருளுக்கு இரண்டாவதே நெருக்கம் என்று தோன்றினாலும், என் சிறு நிரல்களை நான் முதலாவதன் கீழ்தான் வெளியிடுகிறேன்.

அரசு ஆவணங்களில் இந்தச் சொற்தேர்வுக்கு விளைவு உண்டு. மத்திய அரசு 2015-ல் திறமூல மென்பொருளைப் பின்பற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. அதைப் பற்றிய செய்தியில் ‘இலவச மென்பொருள்’ என்று எழுதினால், அதைப் படிக்கும் அலுவலர் செலவுக் கணக்கில் பூச்சியம் போட்டுவிடுவார். நிறுவுவதற்கு, பராமரிப்பதற்கு, பிழை திருத்துவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஊதியம் வேண்டும். அது ஒதுக்கப்படாமல் இரண்டு ஆண்டில் அமைப்பு படுத்துவிட்டால் பழி மென்பொருளின் மேல் விழும். ‘கட்டற்ற’ என்று எழுதினால் குறைந்தபட்சம் அது என்ன என்று ஒருவர் கேட்பார். பொதுப்பணத்தில் எழுதிய நிரலின் மூலம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற அடுத்த கேள்விக்கும் அங்கிருந்து போகலாம். ஐரோப்பாவில் 2017 முதல் அந்தக் கேள்வியை ‘பொதுப்பணம் என்றால் பொதுநிரல்’ என்ற முழக்கத்தோடு கேட்டுவருகிறார்கள்.

எதிர்ச்சொல்லுக்கு ‘தனியுடைமை மென்பொருள்’ நிலைபெற்றுவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. அதை வைத்துக் கட்டற்றதைப் ‘பொதுவுடைமை மென்பொருள்’ என்று எழுதலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுதலாம், பிறகு மென்பொருளை விட்டுவிட்டு நாள் முழுக்க மார்க்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.