காந்தம் அழிந்த இடத்தில் மலை உளுத்திருக்கும்

'விமானத்தில் பறந்துகொண்டே எரிமலையின் உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?' என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட விமானத்தில் ஏற்றிய காந்தமானி, போருக்குப் பின் நிலவியலாளர்களிடம் வந்தது. விமானத்தின் உலோகம் அளவைக் கெடுக்காதிருக்க அதை வாலிலிருந்து நீளும் குழாயின் நுனியில் பொருத்துவார்கள். ஹெலிகாப்டர் என்றால் கயிற்றில் தொங்கவிடுவார்கள். உழவுசால் போல இணைகோடுகளில் பறந்து அளந்து, பூமியின் பொதுவான காந்தப்புலத்தைக் கழித்தால் மிஞ்சுவது பாறைகளின் பங்கு.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். எரிமலைக் குழம்பில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் உண்டு. ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸுக்குமேல் அவற்றுக்கு நிலையான காந்தத்தன்மை கிடையாது. அதற்குக் கீழே குளிரும்போது அன்றைய பூமியின் காந்தத் திசை துகள்களில் பதிந்து உறைந்துவிடுகிறது. ஆகவே, ஆறிய எரிமலை வலுவான காந்தம்.

ஆனால் ஆழத்திலிருந்து கந்தக வாயுக்கள் கசிந்தபடி இருக்கின்றன. நிலத்தடி நீரில் கலந்து அமிலமாகிப் பாறையின் விரிசல்களில் ஊறுகின்றன. மேக்னடைட் சிதைகிறது, அதன் இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து பைரைட் ஆகிறது. பைரைட்டிலும் இரும்பு உண்டு, காந்தம்தான் இல்லை. அதே அமிலம் பாறையின் மற்றக் கனிமங்களைக் களிமண்ணாக்குகிறது. காந்தத்தை அழிக்கும் வேதிவினையே மலையின் உறுதியையும் குலைக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் காந்தம் மங்கிய இடம், மலை உளுத்த இடம்!

சூடு தணியாத பாறையும் காந்தமற்றுத்தான் தெரியும். அதனால் மின்கடத்துதிறனையும் கூடவே அளப்பார்கள். ஈரக் களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் எரிமலையைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன. கண்ணுக்கு மறைந்த பாறையைக் காந்தமானிக்குப் பனியால் மறைக்க முடியாது. ஆய்வாளர் கேரல் ஃபின் குழுவினர் ஹெலிகாப்டரில் அளந்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, சிதைந்த பாறை பெரும்பாலும் மேற்குச் சரிவின் மேற்பகுதியில் புதைந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை சரிந்து, சேற்றுப் பெருக்காகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்தச் சேற்றின் மேல் இன்று ஆர்ட்டிங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நிலத்தைத் தோண்டினால் அன்று புதையுண்ட பெருமரங்களின் அடிக்கட்டைகள் கிடைக்கின்றன.

இத்தகைய அளவைக்கு மலை அமைதியாக இருக்கும்போதே பணம் ஒதுக்க வேண்டும். சாம்பல் எழும்பிய பிறகு ஹெலிகாப்டர் அருகே போக முடியாது. புகை தெரிந்தால்தான் பணம் என்னும் போக்கு எனக்குக் கோபமூட்டுகிறது.

அந்த வரைபடம் ஆறுதலான செய்தி ஒன்றையும் சொன்னது. ரெய்னியரின் மையத்தில் பாறை பெரிதாகச் சிதையவில்லை. மேற்குச் சரிவு மீண்டும் பெயர்ந்தாலும், சரிவு மலையின் நடுப்பகுதிவரை தின்றுகொண்டே போகாமல் அந்தக் கெட்டிப் பாறை தடுக்கக்கூடும்.